ஆளுக்கு ஒரு வார்த்தை

அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை ஜோதிகா காப்பாற்ற நினைத்தது ஒரு ஆர்டரை. காப்பாற்றியிருக்க வேண்டியது புருஷனை. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள்தான் இருந்தன. ஒன்றுக்காக அவள் செய்த ஒவ்வொரு காரியமும் மற்றதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது என்பது பகல் ஒரு மணி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் எழுபது பேர் வேலை பார்த்தார்கள். ஜோதிகாவுக்குக் கம்ப்ளையன்ஸ் வேலை. பெயர்தான் பெரிது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டர் வருகிற அன்று கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா, தீயணைப்புச் சிலிண்டரில் தேதி சரியாக இருக்கிறதா, கேட்ட கேள்விக்கு ஆட்கள் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் சோப்பைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. செக்கிங் டேபிளில் ஏழு வருஷம் நின்றுகொண்டே அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் முனீஸ் அதே கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். இரண்டு பேரும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்ததில் முனீஸுக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், நாற்காலியை அவனே செய்து கொடுத்தானோ என்று தோன்றும்.

இந்தத் தடவை பையர் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். தொழிலாளர்களுக்குக் காலநிலை மாற்றம் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமாம். பதினெட்டு வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தமிழில் பெயர்த்திருந்தார். படித்துப் பார்த்தால் இங்கிலீஷே தேவலை என்று இருந்தது.

முதலாளி வேல்குமார் வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார். "இதுல மார்க் கொறஞ்சா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிருமுங்க அம்மிணி. ஆறு மாசத்து வேலைங்க அது. எழுபது குடும்பம் இருக்குதுங்க. எப்படியாச்சும் படிக்க வெச்சுருங்க."

மூன்று நாளில் எழுபது பேருக்குப் பதினெட்டு வார்த்தை. அதுவும் டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போது. இரவெல்லாம் யோசித்தும் வழி பிடிபடவில்லை. சனிக்கிழமை காலையில் தையல் லைனைப் பார்த்தபடி நின்றவளுக்கு அது பளிச்சென்று பிடிபட்டது. கழுத்துப்பட்டி ஒருத்தர், கை ஒருத்தர், தோள் ஒருத்தர், அடிமடிப்பு ஒருத்தர். அந்த லைனில் முழு பனியனைத் தைத்தவர் ஒருத்தரும் கிடையாது. ஆனாலும் ஒரு நாளைக்கு நாலாயிரம் பனியன் வெளியே போகிறது. அப்படியே வார்த்தைகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு வார்த்தை, அதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். இப்படி ஒரு யோசனை திருப்பூரில் தொழில் பழகியவளுக்குத்தான் வரும். அதில் இருந்த ஓட்டையும் அவள் கண்ணுக்குத்தான் படாமல் போகும்.

"ஆடிட்டர் மேடம் எது கேட்டாலும், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்னு ஆரம்பிச்சு உங்க வார்த்தையச் சொல்லிருங்க" என்று டீ நேரத்தில் கூட்டம் போட்டுச் சொன்னாள். சொல்லிக்கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. அதில் குறை சொல்ல முடியாது.

"வானிலைங்கிறது இன்னைக்கு மொதலாளி என்ன மூடுல வந்துருக்காருங்கிறது. காலநிலைங்கிறது முப்பது வருசமா அவரு எப்படிப்பட்ட ஆளுங்கிறது" என்றதும் ஒரே சிரிப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரைச் சொல்லிப் பசுமைக்குடில் வாயுவை விளக்கினாள். வெயில் உள்ளே வந்துவிடும், சூடு வெளியே போகாது. பூமியைச் சுற்றி நாம் ஏற்றிவைத்த கண்ணாடிதான் அந்தப் புகை. அயர்னிங்கில் இருந்த ஆரோக்கியராஜுக்குத் தணிப்பும் தகவமைப்பும் ஒரே ஜோடியாகப் போனது. புகையைக் குறைப்பது தணிப்பு, ஏறிவிட்ட சூட்டோடு வாழ வழி பார்ப்பது தகவமைப்பு. முனீஸுக்குக் கார்பன் தடம்.

கடைசியில் மிஞ்சியது ஈரக்குமிழ் வெப்பநிலை. பேரைக் கேட்டதுமே எல்லோரும் நழுவினார்கள். பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டும் மயிலாள் சாமளாபுரத்துப் பெண். தறி ஓட்டிய காலத்தில் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய வாய். "குடுங்க, நானே சொல்லிப்போடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பேக்கிங் ஆபீசை ஒட்டிய அறை. மூன்று எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். கம்பெனியிலேயே வியர்க்காத இடம் அதுதான். அந்த வார்த்தை போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது முனீஸ் ஒப்பித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "கார்பன் தடம்ங்கிறது ஒரு பொருளச் செய்யவும் கொண்டுபோகவும் எரிக்கிற எரிபொருளால காத்துல கலக்குற வாயுவோட மொத்தக் கணக்கு." இரண்டு இடத்தில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"போதும், சாப்பிடுங்க" என்றாள் ஜோதிகா.

"இரு புள்ள. நான் பாட்டுக்கு அங்க முழிச்சா, இவ புருசனே முழிக்கிறானேன்னு உன்னயில்ல பேசுவாங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் கோடை மழை அடித்துப் பெய்தது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வானம் மூடிக்கிடந்தது. வெயில் இல்லையே என்று எல்லோருக்கும் சந்தோஷம். பத்து மணிக்கு வேல்குமார் அவளை அயர்னிங் ஹாலுக்கு அழைத்துப்போய் ஜன்னல் வழியாகக் காட்டினார். அயர்ன் பாக்ஸுக்கு ஆவி கொடுக்கும் பாய்லர் அந்தப் பக்கம்தான். விறகுக் கட்டைதான் எரிக்கிறோம் என்று பேப்பரில் எழுதியிருந்தது. எரிந்துகொண்டிருந்தது கட்டிங் வேஸ்ட் துணி. கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு ஏறியது.

"ஆடிட்டர் கண்ணுல இது படக்கூடாதுங்க அம்மிணி. ஜன்னலெல்லாம் சாத்திப்போடுங்க."

ஆறு ஜன்னலையும் அவளே சாத்தித் தாழ் போட்டாள். தகரக் கூரை, ஆறு டேபிள், ஒவ்வொன்றிலும் உஸ்உஸ்ஸென்று ஆவி கக்கும் அயர்ன் பாக்ஸ். அரை மணி நேரத்தில் வாசலோரச் சுவரில் இருந்த வெப்ப மீட்டர் முப்பத்தொன்பது டிகிரியைக் காட்டியது. படிவத்தில் முப்பத்தாறுக்கு மேல் போனால் மார்க் வெட்டு. ஜோதிகா சாக்குகளை நனைத்து வரிசையாகத் தொங்கவிடச் சொன்னாள். தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேட்டு வாங்கி வந்த, தண்ணீர் தூவும் சாரல் ஃபேனை மூலையில் வைத்தாள். முப்பத்தொன்பது முப்பத்தேழாகி, கடைசியில் முப்பத்தைந்தில் நின்றது.

"படிச்சவங்கன்னா படிச்சவங்கதானுங்க" என்றார் வேல்குமார்.

அந்த மீட்டரில் கீழே இன்னொரு எண் இருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுவது. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத எண்ணை ஜோதிகா பார்க்கவில்லை. வார்த்தைப் பட்டியலின் பதினெட்டு விளக்கங்களும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அன்றைக்கு அவை அவளுக்கு மார்க்காக மட்டும்தான் இருந்தன.

"ஆடிட்டர் கெளம்புற வரைக்கும் ஒருத்தரும் ஜன்னலத் தொடக்கூடாது, டேபிள விட்டு நகரக்கூடாது. சாப்பாடு ஒரு மணிக்கு மேலதான்" என்று ஆறு பேரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். முனீஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நுனியில் நீர் சொட்டியது.

"என்ன இப்படி நனைஞ்சு போயிருக்கீங்க?"

"எல்லாம் நீ தெளிச்ச தண்ணிதான்" என்று சிரித்தான். "தலைதான் லேசா வலிக்குது."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் எத்தனையோ நாள் அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆடிட்டர் தேஜஸ்ரீ கோயம்புத்தூரிலிருந்து பதினொன்றரைக்கு வந்து இறங்கினாள். ஜோதிகா வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள், அதிகம் சிரிக்கவில்லை. முதலில் அயர்னிங் ஹாலுக்குத்தான் போனாள். வாசலில் காலை வைத்ததுமே அவள் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மீட்டரைப் பார்த்து முப்பத்தைந்து என்று குறித்தாள். முனீஸிடம் ஏதோ கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன் மேடம்" என்று ஆரம்பித்து ஒரு இடத்திலும் தடுக்காமல் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு, ஆடிட்டரை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஜோதிகா கண்ணாலேயே சபாஷ் போட்டாள்.

பிறகு கட்டிங், தையல், செக்கிங். பன்னிரண்டு தாண்டியது, பன்னிரண்டரை தாண்டியது. தேஜஸ்ரீ ஒவ்வொரு ரிஜிஸ்டராகப் புரட்டினாள். தையல் லைனில் ஒருத்தி வானிலை என்று தொடங்கிக் காலநிலையில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தவள் பளிச்சென்று சொல்லிக் காப்பாற்றினாள். பேக்கிங்குக்கு வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. இனி ஒரே ஒரு அறைதான் என்று ஜோதிகா மூச்சு விட்டாள்.

மயிலாள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஒப்பித்தாள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால், அந்த ஈரம் காயக் காய எவ்வளவு தூரம் குளிர்கிறதோ, அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. எழுத்துப் பிசகவில்லை.

தேஜஸ்ரீ பேனாவை மூடினாள். "மனப்பாடம் நல்லா இருக்குங்க. அதை எதுக்கு அளக்கணும்? உங்க வார்த்தையில சொல்லுங்களேன்."

இது யாருக்கும் சொல்லிக்கொடுக்காத கேள்வி. ஆனால் மயிலாள் அசரவில்லை. கையை ஆட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அடைமழைக்கு ஊட்டுக்குள்ள கொடி கட்டிப் பனியனக் காயப்போட்டா ரெண்டு நாளானாலும் காயுதுங்களா? காயாதுங்க. காத்துல ஏற்கெனவே ஈரம் நெறஞ்சு கெடக்குது, துணியோட ஈரம் போறதுக்கு எடமில்லீங்க. நம்ம ஒடம்பும் அதே மாதிரிதானுங்க. வேர்வை காஞ்சாத்தான் ஒடம்பு ஆறும். அது காயாம ஒழுகிட்டே இருந்துச்சுன்னா, தெர்மாமீட்டர் கம்மியாக் காட்டுனாலும் ஒடம்புக்குள்ள சூடு ஏறிட்டேதானுங்க இருக்கும். நெழல்ல நின்னாலும், ஃபேன் ஓடுனாலும், நல்ல தெடகாத்திரமான ஆளே உளுந்துருவானுங்க. உசுரே போயிருமுங்க."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க" என்றாள் தேஜஸ்ரீ, முதல் தடவையாகச் சிரித்து.

வேல்குமார் முகம் மலர்ந்துவிட்டது. ஜோதிகாவின் கண்முன் அயர்னிங் ஹால் வந்து நின்றது. சாத்திய ஜன்னல். நனைந்த சாக்கு. ஆறு பாக்ஸும் கக்கிக்கொண்டே இருக்கும் ஆவி. வாசலில் நின்றதுமே மங்கிப்போன கண்ணாடி. முனீஸின் சட்டையில் சொட்டியது அவள் தெளித்த தண்ணீர் இல்லை. காயாமல் ஒழுகிய அவன் வியர்வை. மயிலாளுக்குத் தெரிந்தது அந்த ஹாலில் இருக்கும் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் ஜோதிகாதான்.

நடக்க ஆரம்பித்தவள் நாலாவது அடியில் ஓடினாள். "அம்மிணி, எங்கீங்க?" என்ற வேல்குமாரின் குரல் பின்னால் கேட்டது.

ஹாலுக்குள் காலை வைத்ததும் முகத்தில் வெந்நீர்த் துணியைப் போட்டு மூடியதுபோல இருந்தது. மீட்டரைப் பார்த்தாள். மேலே முப்பத்தைந்து. கீழே எண்பத்தெட்டு. ஆரோக்கியராஜ் தரையில் உட்கார்ந்து முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தான். இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முனீஸ் மட்டும் டேபிளை விட்டு நகரவில்லை. ஒரே பனியனைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் எங்கேயோ இருந்தது.

"ஏங்க, போதும் வைங்க."

அவன் கேட்டதாகவே தெரியவில்லை. கையைப் பிடித்தாள். கொதித்தது.

"இங்க பாருங்க. நான் யாரு? உங்க பேரென்ன, சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன் மேடம்" என்றான் முனீஸ், நாக்குக் குழற. "கார்பன் தடம்ங்கிறது..."

ஜோதிகா அப்படி ஒரு பயத்தை அதுவரை அனுபவித்ததில்லை. அயர்ன் பாக்ஸைப் பிடுங்கி ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தாள். காலையில் அவளே இறுக்கிய தாழ் ஈரத்தில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. திரும்பிப் பார்த்தாள். வாசலில் வேல்குமார் நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அவருக்குப் பின்னால் தேஜஸ்ரீ வந்துகொண்டிருந்தாள். ஜோதிகா செருப்பைக் கழற்றித் தாழை ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் கழன்றது. ஜன்னல் கதவு திறந்ததும் பாய்லர் புகையும் காற்றும் சேர்ந்தே உள்ளே வந்தன. அடுத்த ஜன்னலுக்கு அவள் போவதற்குள் முனீஸ் டேபிளோடு சரிந்து விழுந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் முதலாளி, தொழிலாளி, ஆடிட்டர் என்று யாரும் தனித்தனியாக இல்லை. காலைப் பிடித்துத் தூக்கியது வேல்குமார்தான். லோடு ஏற்றும் இடத்து நிழலில் கிடத்தினார்கள். "சட்டையைக் கழட்டுங்க, உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க, காத்து வீசிட்டே இருங்க. வாய்ல ஊத்தாதீங்க, நினைவில்ல" என்று தேஜஸ்ரீ மண்டிபோட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். தையல் லைனே எழுந்து வந்தது. மயிலாள் பேக்கிங்கில் ஓடிய ஒரு ஃபேனைக் கழற்றித் தூக்கிவந்தாள். ஜோதிகா குடம் குடமாக ஊற்றினாள். இந்தத் தண்ணீர் காய்ந்துவிட வேண்டும், காய்ந்துவிட வேண்டும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே ஊற்றினாள். வேல்குமாரின் காரில் ஏசியை முழுதாக வைத்து, நனைந்த உடம்போடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். சூடு இறங்கிவிட்டது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றார். ஜோதிகா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு மணிக்கு வேல்குமார் இளநீரோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதை அவள் கையில் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களுக்கும் ஆர்டர் வேண்டுமே.

"செலவெல்லாம் நானுங்க அம்மிணி, அத நெனைக்காதீங்க. அந்த மேடம் உங்களக் கேப்பாங்க. காலைல சாப்பிடாம வந்துட்டாரு, மயக்கம் போட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அத மட்டும் சொன்னாப் போதுமுங்க."

ஜோதிகா இளநீரைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள். அவர் போன கொஞ்ச நேரத்தில், குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்பப்பட்ட ஆரோக்கியராஜ் வந்து எதிரே நின்றான். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். பன்னெண்டு மணிக்கே எனக்கு மூச்சு முட்டிருச்சு. சன்னலத் தொறக்கலாம்னு எந்திரிச்சேன். முனீஸுதான் கையப் பிடிச்சு விடலை."

"ஏன்?"

"'ஜோதி வேண்டாம்னு சொல்லிருக்கு. அது படிச்ச புள்ள, காரணமில்லாமச் சொல்லாது'ன்னான். மறுபடியும் ஒருக்கா போனேன். சன்னலுக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டான் தங்கச்சி. உன் பேரு கெட்டுரும்னு அவனுக்குப் பயம்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆரோக்கியராஜ் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போனான்.

தேஜஸ்ரீ ஐந்தரைக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "அவர் எப்படி இருக்காரு?" என்று முதலில் கேட்டாள். பிறகு, "ஒரு காரணம் எழுதணுங்க. காலைல சாப்பிடலைன்னு சொன்னாங்க" என்றாள்.

"ஆறு இட்லி சாப்பிட்டாரு. நான்தான் வச்சேன்" என்றாள் ஜோதிகா. "சன்னலச் சாத்துனது நான். சாக்க நனைச்சுத் தொங்கவிட்டது நான். மீட்டர்ல கீழ இருந்த நம்பரப் பார்க்காம விட்டதும் நான்தான். எண்பத்தெட்டு. எழுதிக்கங்க."

"பாய்லர்?"

"துணிதான் எரியுது. அதையும் எழுதிக்கங்க."

"இது எங்க போய் முடியும்னு தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

எழுபது குடும்பம் என்று வேல்குமார் சொன்னது அவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதில் ஒரு குடும்பம் அவளுடையது என்பதும் தெரிந்தே இருந்தது. இருந்தும் சொன்னதைத் திருப்பி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். முனீஸ் கண் திறந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அடையாளம் தெரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"ஜோதி" என்றான் மெதுவாக.

"ம்."

"அந்த மேடம்ட்ட நான் சரியாச் சொன்னேனா? பாஸாயிட்டியா?"

ஜோதிகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லங்க" என்றாள். "நான் பெயிலாயிட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. தான்தான் எங்கேயோ தடுக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைத் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டான்.